பார்க்கலாம், பேசக் கூடாது

எங்கள் துறையில் வேலை கிடைத்தாலும் கிடைத்துவிடும், மேசை கிடைக்காது. நகர்ப்புறவியல் நடத்தப் புதிதாக வந்தவருக்கும் அதே கதைதான். முதல் சில நாட்கள் அவர் தாழ்வாரத்து ஜன்னல் திண்டில் காகிதத்தை வைத்து, நின்றபடியே பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் அறைக்குள் கூப்பிட்டு, மூலையில் கிடந்த பழைய தட்டச்சு மேசையைக் காட்டினேன்.

"இதுல உக்காருங்க. ஒரு கால் ஆடும், கண்டுக்காதீங்க."

"என் வேலையும் அப்படித்தான் மேடம், ஆடிட்டேதான் இருக்கு" என்றார். ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் அங்கே புள்ளியியல் நடத்துகிறேன். பிள்ளைகள் என்னைக் கணக்கு மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் உண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை ஒட்டியதாகத்தான் இருக்கும். அவருக்குச் சீக்கிரமே தெரு சார் என்று பெயர் விழுந்துவிட்டது. நாலு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரைப் படிக்க முடியாது என்பது அவர் கட்சி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் கிளம்பிவிடுவார். நடைபாதை எங்கே முடிகிறது, முடிந்த இடத்தில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள், கடைக்காரர் ஏன் அந்த இடத்தில் மட்டும் ஸ்டூல் போடுகிறார் என்று பேசிக்கொண்டே நடப்பார். மற்றவர்கள் வகுப்பில் தூங்கும் பிள்ளைகள் அவர் வகுப்புக்கு ஓடுவார்கள். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவருடையது வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் வேலை. அவருக்கு இது மூன்றாவது பல்கலைக்கழகம், மூன்றாவது ஊர். ஊருக்கு ஊர் அவர் மாறும்போதெல்லாம் அவர் மனைவியும் மாற வேண்டியிருந்தது. அவள் சொந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவள். கைராசிக்காரி என்று பேராம். ஊசியைப் பார்த்தாலே அலறும் குழந்தைகளுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்களாம். "ஒரு வருஷம்தான், அப்புறம் ஒரு இடத்துல நிலையா உக்காந்துடலாம்" என்று சொல்லி இவர் கூட்டிவந்தார். போன ஊரிலும் அதையே சொன்னார், இங்கேயும் அதையே சொன்னார்.

இங்கே வந்ததும் அவள் இரண்டு மூன்று லேப்களில் போய்க் கேட்டிருக்கிறாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. எத்தனை வருஷம் இருப்பீங்க? அவள் வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டிருக்கிறாள், நாம எத்தனை வருஷம் இருப்போம் என்று. இவருக்கே தெரியாதே, என்ன சொல்வார்? இதை ஒரு நாள் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். வெட்கம் வரும்போது அவருக்குச் சிரிப்பு வரும். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தப் பருவத்தில் அவர் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஆளுக்கு ஒரு இடம். வங்கி வாசலோ, பூங்கா மூலையோ, மருந்துக்கடை முனையோ, எதுவானாலும் சரி. பருவம் முடியும்வரை தினமும் ஒரே நேரத்துக்கு அங்கே போய் நிற்க வேண்டும். யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பார்த்துவந்து வகுப்பில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு விதி. கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார்: பார்க்கலாம், பேசக் கூடாது.

"அது என்ன சார் விதி? வாய் எதுக்கு இருக்கு?" என்று வகுப்பு வாசலிலேயே நின்று நான் சண்டைக்குப் போனேன்.

"கேட்டா மாறிடுவாங்க மேடம். நல்ல பதிலா ஒண்ணத் தயார் பண்ணிச் சொல்லுவாங்க. சும்மா விட்டுப் பாத்தாதான் உண்மை தெரியும்."

"எங்க அப்பாவும் அப்படித்தான், நான் எந்த வகுப்பு படிக்கிறேன்னுகூட கேக்காம சும்மா விட்டுப் பாத்தாரு" என்றேன். அவர் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். விதி மாறவில்லை.

பருவத்தின் நடுவில், அதுவரை பார்த்ததைப் பிள்ளைகள் வகுப்பில் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட இன்னொரு ஆள் தேவை என்று என்னையும் உட்காரவைத்தார். அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி ஒரு பெண். உயரத் தூக்கிக் கட்டிய கூந்தல் பேசும்போதெல்லாம் ஆடும், அதனால் அவள் பெயர் குதிரைவால். எங்கள் நூலகத்துக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பை அவள் எடுத்திருந்தாள்.

"என் இடத்துல எல்லாரும் பஸ்ஸுக்காக உக்கார்றாங்க சார். ஒருத்தங்க மட்டும் பஸ்ஸுக்காக உக்காரல" என்று ஆரம்பித்தாள். "தினமும் காலைல வர்றாங்க. எல்லா பஸ்ஸையும் விட்டுடறாங்க. மதியம் எழுந்து போயிடறாங்க. நான் அவங்களுக்கு ஏறாத அக்கான்னு பேரு வெச்சிருக்கேன்."

வகுப்பு சிரித்தது.

"பெஞ்சோட ஒரு ஓரமா உக்காந்து, பக்கத்துல குடைய வெச்சு இடம் பிடிச்சு வெப்பாங்க. வயசானவங்க வந்தா குடைய எடுத்துடுவாங்க. அவங்க பஸ் ஏறினதும் திரும்ப வெச்சுடுவாங்க."

"ஆளு வருவாருப்பா, ஆளு!" என்று பின்வரிசையில் ஒருவன் குரல் கொடுத்தான். இன்னொருவன் வீட்டில் மாமியார் தொல்லையாக இருக்கும் என்றான். நிழலும் காற்றும் நன்றாக இருக்கும், அதற்காக வருகிறார்கள் என்றாள் ஒருத்தி. தெரு சாரும் சிரித்தபடி, "சரி, வேற என்ன பாத்தே?" என்று கேட்டார்.

"இன்னொண்ணு சார். வர்றவங்க முகத்த அவங்க பாக்கறதே இல்ல. கையத்தான் பாக்கறாங்க. முழங்கை மடங்குற இடம் இருக்கே, அங்க. அப்புறம் அந்தக் குடையில ஒரு கம்பி உடைஞ்சிருக்கு. அத ஆஸ்பத்திரி பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்காங்க."

நான் மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளைகள் இன்னும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கள்ளக்காதல் வரைக்கும் போய்விட்டார்கள். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும், "அது என் வொய்ஃப் மேடம்" என்றார். "சாயங்காலம் போனதும், இன்னைக்கு என்ன பண்ணினேன்னு கேப்பேன். வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லுவா."

"சரி, இப்பவே போய்க் கேளுங்க. ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்னு கேளுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அவ மறைக்கிறா. நான் போய்க் கேட்டா வேவு பாத்த மாதிரி ஆயிடும். அவளாச் சொல்லட்டும்."

அவளாகச் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். சும்மாவும் காத்திருக்கவில்லை. காலை வகுப்பு இல்லாத நேரமெல்லாம் நூலக மாடிக்குப் போய், அந்தப் பெரிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கீழே பார்க்க ஆரம்பித்தார். அவள் எந்த பஸ் வரும்போது நிமிர்கிறாள், எப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்றெல்லாம் வந்து எனக்குச் சொல்வார். எல்லா பஸ்ஸையும் கண்டுகொள்ளாதவள் காலையில் வரும் ஒரு வெளியூர் பஸ்ஸை மட்டும், அது திருப்பம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். அது அவள் சொந்த ஊர் பஸ். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கட்டிய மனைவியைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஆராய்ச்சி செய்யும் மனிதனை என்னவென்று திட்டுவது?

நான் அவருடைய மாணவி இல்லை. அவர் விதி என்னைக் கட்டுப்படுத்தாது. பருவத்தின் கடைசி வாரத் தொடக்கத்தில் ஒரு காலை நேரம் நானே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

துறை விழாவில் ஒரு முறை என்னைப் பார்த்திருக்கிறாள். தெரிந்துகொண்டு, குடையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள். வெயிலில் கொஞ்சம் கறுத்திருந்தாளே தவிர, நல்ல களையான முகம். நான் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டபோது என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்ல நரம்பு மேடம். கண்ண மூடிட்டுகூட எடுத்துடலாம்" என்றாள்.

"இருக்குற ரத்தத்த உங்க வீட்டுக்காரர் குடிச்சுட்டாரு" என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இங்க வந்து உக்கார்றே?"

கேட்டவுடன் சொல்லிவிட்டாள். அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று வாயிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இங்க உக்காந்தா யாராவது வந்து, இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா, அந்த பஸ் எப்ப வரும்னு கேக்கறாங்க மேடம். நான் பதில் சொல்றேன். வீட்டுல யாரு என்கிட்ட என்ன கேக்கப் போறாங்க? அவரு தினமும், இன்னைக்கு என்ன பண்ணினேன்னு கேப்பாரு. கேட்டுட்டே சட்டையக் கழட்டுவாரு. பதில் வர்றதுக்குள்ள பாத்ரூமுக்குள்ள போயிடுவாரு. நான் சுவத்தப் பாத்து, வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லுவேன்."

மடியிலிருந்த குடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"பழைய லேப்ல திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. இந்த வாரத்துக்குள்ள வந்து சேரணும்னு சொல்லிட்டாங்க. போகவும் மனசு வரல, இருக்கவும் முடியல."

"இத அவர்கிட்டச் சொன்னா என்ன?"

அவள் நிமிர்ந்து நூலக மாடியைக் காட்டினாள். "அங்க நிக்கிறாரு பாருங்க. ஒரு கால்ல நின்னுட்டு இன்னொரு கால ஆட்டுவாரு. அந்தச் சட்டைய நான்தானே தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? இத்தன நாளா பாத்துட்டே இருக்காரு மேடம். இறங்கி வருவாரு, வந்து பக்கத்துல உக்காருவாருன்னு நானும் இடம் பிடிச்சு வெச்சுட்டுதான் இருக்கேன். நீங்க போய்ச் சொல்லாதீங்க. சொல்லி வந்தா அது கணக்குல சேராது."

சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? நேராக நூலக மாடிக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது. அவர் அங்கேயேதான் நின்றிருந்தார். நான் கீழே அவள் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார், முகம் வெளிறிக் கிடந்தது. எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவளுக்குத் தெரியும், உங்களுக்காகத்தான் அந்தக் குடை, இந்த வாரம் போனால் அவளும் போய்விடுவாள் என்றேன். நூலகம் என்பதே மறந்து சத்தம் போட்டேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அழுதார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வியாழக்கிழமை காலைல எனக்கு நேர்காணல் இருக்கு மேடம், நிரந்தர வேலைக்கு" என்றார். "இந்த வாட்டி எனக்கே கிடைச்சுடும்னு துறைத் தலைவர் ஜாடையாச் சொன்னாரு. எத்தன வருஷம் இருப்போம்னு அவ கேட்டா பாருங்க, அதுக்கு என்கிட்டப் பதில் இல்லாமப்போச்சு. வெறுங்கையோட போய் அவ பக்கத்துல எப்படி உக்கார்றது? வியாழக்கிழமை பதிலோட போறேன்."

"பதில் அப்புறம் வரட்டும் சார். நீங்க முதல்ல போங்க."

"ரெண்டு நாள்தானே மேடம்."

அதற்குமேல் கழுத்தைப் பிடித்தா தள்ள முடியும்? தள்ளியிருந்தாலும் போயிருக்க மாட்டார். வேலை நிலையாகாத மனிதனுக்கு எதையும் கையில் வாங்காமல் மனைவி முன்னால் போய் நிற்கத் தெரியவில்லை. அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் நன்றாகத் தேய்த்த சட்டையோடு வந்தார். நேர்காணலுக்குப் போகும் முன் என் மேசைக்கு வந்து குனிந்து, "நேத்து சாயங்காலம் கோடி காட்டிட்டேன் மேடம்" என்றார். "நாளைக்கு உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு சொன்னேன். இன்னைக்கே சொல்லுங்களேன்னா. இல்ல, நாளைக்குன்னுட்டேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பாத்துட்டு இருந்தா."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "போயிட்டு வாங்க" என்றேன்.

நேர்காணல் இழுத்துக்கொண்டே போயிற்று. வெளியே வந்தவர் வழியில் பார்த்தவர்கள் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினார். வேலை கிடைத்துவிட்டது. உடனே நூலக மாடிக்கு ஓடினார். பெஞ்சில் ஆள் இல்லை. நேரமாகிவிட்டதே, வீட்டுக்குப் போயிருப்பாள் என்றார். போன் செய்தார், எடுக்கவில்லை. மதியம் பிள்ளைகளின் கடைசி வகுப்பு. மதிப்பெண் போட வேண்டும், முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுகிறேன் என்றார்.

நானும் போய் உட்கார்ந்தேன். குதிரைவாலை முதலில் கூப்பிட்டார். அவளுக்குப் பரபரப்பில் மூச்சு முட்டியது.

"இன்னைக்குக் காலைலகூட நின்னுட்டு வந்தேன் சார், கடைசி நாள்னு. ஏறாத அக்கா வழக்கம்போல வந்தாங்க. குடை இருந்துச்சு. கூடவே ஒரு பெட்டியும் இருந்துச்சு."

வகுப்பு 'ஓ' என்றது.

"குடைய பக்கத்துல வெச்சு உக்காந்தாங்க. வெளியூர் பஸ் வந்து நின்னுச்சு. அக்கா எழுந்து நூலக மாடிய நிமிர்ந்து பாத்தாங்க. என்ன பாக்கறாங்கன்னு நானும் திரும்பிப் பாத்தேன். அங்க யாரும் இல்ல. டிரைவர் ஹார்ன் அடிச்சாரு. மறுபடி ஒரு தடவ பாத்தாங்க. அப்புறம் பெட்டியத் தூக்கிட்டு ஏறிட்டாங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். விசில்கூட அடித்தான் ஒருவன். சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும்? இத்தனை நாள் கேட்ட கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "குடைய பெஞ்சுலயே விட்டுட்டாங்க சார். அக்கான்னு கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான் நின்னுட்டேன். கூப்பிட்டிருக்கலாமா சார்?"

வகுப்பு முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

"கூப்பிட்டிருக்கலாம்மா" என்றார். "உன்மேல தப்பில்ல. உக்காரு."

மீதிப் பிள்ளைகள் பேசியதையும் உட்கார்ந்து கேட்டார். எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார். குதிரைவாலுக்குத்தான் அதிகம். அந்த அக்கா யார் என்று அவளிடம் நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அவர் பின்னாளில் பேராசிரியரானார், பெயரும் புகழும் வந்தன, மேசையும் பெரிதாக வந்தது. அந்தப் பயிற்சியை மட்டும் அதற்கப்புறம் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால் அவர் இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. நூலக மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கீழே அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, குடையை யாரும் எடுத்துப் போகவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, அவர் ஏறாததால் கிளம்பிப் போயிற்று. இன்னொன்றும் வந்துபோயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இறங்கிப் போனேன்.

என்னைப் பார்த்ததும் குடையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார்.

"போன் பண்ணீங்களா?"

"இப்பதான் எடுத்தா."

"வேலை கிடைச்சதச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இனிமே எத்தன வருஷம் வேணும்னாலும் இங்கயே இருக்கலாம்னு சொன்னேன்." குடையில் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "சந்தோஷம்னா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா."

"அப்புறம்?"

"வைக்கிறதுக்கு முன்னாடி, 'பக்கத்துல இடம் இருந்துச்சே'ன்னு மட்டும் கேட்டா."